கல்லைப் பாவுதலும் தரையைப் பாவுதலும்

யான் இக்கல்லூரியில் முதலாண்டு மாணவனாயிருந்தபோது, ஆண்டு மலரின் ஆங்கிலப் பகுதியில் ‘எங்கள் ஊர்’ என்னும் பொருள்பற்றி என் பெயரால் ஒரு கட்டுரை வெளிவந்தது. அஃது இரண்டரைப் பக்க அளவினது. அதில் ஒரு வாக்கியம் பொய். அதனைப் பொய்யென்று அறிந்தோர் இருவரே. அவருள் ஒருவர் சென்ற மார்கழித் திங்களில் காலமானார். எஞ்சியிருப்பவன் யான். அவ்வாக்கியத்தைத் திருத்தும் பொருட்டே இதனை எழுதப் புகுந்தேன். இடையில் ஓர் ஆங்கில வினைச்சொல்லின் பொருளும் வழக்கும் சற்று விரிவாக வரும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அச்சொல்லே அப்பொய்க்குக் காரணம் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். காரணமன்று, சாக்கு என்பதே பொருந்தும்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் சாலைக்குத் தெற்கே, ஸ்ரீ ரமணாசிரமத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆசிரமத்து மயில்கள் எங்கள் கூரைமேல் வந்து அகவும். மலையை வலம் வருவோர் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அக்கினி லிங்கத்தைத் தரிசித்து யம லிங்கத்தை நோக்கிச் செல்வோர் யாவரும் எங்கள் தெருமுனையைக் கடந்தே போவர். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான வெறுங்கால்கள் அவ்வழியே செல்லும். இளமையில் யான் மனிதரை முகத்தால் அறிந்ததைக் காட்டிலும் காலால் அறிந்தது மிகுதி என்று சொன்னால் மிகையாகாது.

ஆங்கில இலக்கணத்துக்கும் இவ்விடத்துக்கும் ஒரு பழம்பகை உண்டு. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்தரப் பாடசாலையிற் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவர், 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் தேதி, பெயின் என்பாருடைய ஆங்கில இலக்கணப் பாடமொன்றைத் தண்டனையாக மூன்றாம் முறை பெயர்த்தெழுதிக்கொண்டிருந்தார். பாதியில் ஏட்டை வைத்துவிட்டு எழுந்தார். தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறி, செப்டம்பர் முதல் தேதி அண்ணாமலை வந்து சேர்ந்தார். அவரே பின்னாளில் ரமண மகரிஷியென உலகறியப்பட்டவர். 1922-ஆம் ஆண்டில் மறைந்த அவர்தம் அன்னையாரின் சமாதியைச் சூழ்ந்து எழுந்ததே இவ்வாசிரமம். இலக்கணத்தை விட்டு வந்தவர் வாழ்ந்த மலையடியிற் பிறந்த யான், அவ்விலக்கணத்தைக் கற்பித்தே உண்டு வாழ்கிறேன். மலை இருவரையும் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

என் தகப்பனாரை யாங்கள் நைனா என்றழைப்போம். அவர் கல்வேலை செய்தவர். உளிகொண்டு உருவம் வடித்தவரல்லர். தரையிற் கல் பாவினவர். வீட்டு முற்றங்கள், கிணற்றடிகள், மாட்டுக் கொட்டில்கள், சத்திரத்துத் தாழ்வாரங்கள் என அவர் கைபட்ட இடங்கள் எங்கள் பகுதியிற் பல. ஆசிரமத்தின் பின்புறத்திலிருந்து கந்தாசிரமத்துக்கு ஏறும் கல் பாவிய மலைப்பாதையில், ஒரு பெருமழைக்குப் பின் பெயர்ந்து கிடந்த சில கற்களை மீண்டும் பதித்த கூட்டத்திலும் அவர் இருந்தார்.

அவ்வேலையை அருகிருந்து பாராதவர், கல்லை எடுத்துத் தரையில் வைப்பதே அது என்று எண்ணுவர். முதலில் மேல்மண்ணை வாரி அப்புறப்படுத்த வேண்டும். பின் கிராவலைக் கொட்டி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். பாதி நாள் இதிலேயே கழியும். நைனா திமிசு போடும் ஓசை கேட்டே எங்கள் தாயார் அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவ்வோசையை நோக்கி யான் ஓடுவேன். இறுகிய தரையின்மேல் மணலைப் பரப்பி, நூல் பிடித்து, மழைநீர் ஓடுவதற்கு வாட்டம் கொடுத்து, அதன் பின்னரே கல். ஒவ்வொரு கல்லுக்கும் வயிறும் முதுகும் உண்டு. வயிற்றின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மணலைக் கையாற் குழித்துக் கல்லை இறக்குவார். இறக்கியபின் அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவார். ரசமட்டம் சரியென்று காட்டிய கல்லையும் அவர் கால் தவறென்று சொன்னதுண்டு. அப்போதெல்லாம் கல்லைப் பெயர்த்து மறுபடி மணலைக் குழித்தார். ஒருநாளும் ரசமட்டத்தோடு வழக்காடினாரல்லர்.

இனி அக்கட்டுரையின் கதைக்கு வருகிறேன். வகுப்பில் ஊரைப்பற்றி எழுதிவரச் சொன்னார்கள். யான் எழுதியவற்றுள் ஒரு வாக்கியம்: ‘மை ஃபாதர் பேவ்ஸ் ஸ்டோன்ஸ்.’ பாவுதல் என்பதற்கு அகராதியில் ‘பேவ்’ என்னும் வினை கண்டபோது எனக்குண்டான களிப்பு சொல்லுந்தரமன்று. பாவு, பேவ்! ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. இச்சொல்லை ஆங்கிலேயர் நம்மிடமிருந்தே பெற்றனர் என்று தாளின் ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதிவைத்தேன்.

தாள் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ஆசிரியர் அவ்வாக்கியத்தை வகுப்பில் வாசித்தார். “கற்களை ஒருவரும் ‘பேவ்’ செய்வதில்லை, சாலையைத்தான் செய்வார்கள். உன் தகப்பனார் கற்களின்மேல் எதைப் பரப்புகிறார், அப்பா?” என்றார். வகுப்பு சிரித்தது. ஓரத்துக் குறிப்பையும் வாசித்து, அவ்வினை இலத்தீனில் அடித்தல் என்னும் பொருளுடைய ‘பவீரே’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததென்றும், ஒலியொப்புமையைக் கண்டு உறவு பாராட்டலாகாதென்றும் விளக்கினார். அவர் சொன்ன யாவும் சரியே. அவர் கொடியவருமல்லர், அடுத்த வாரமே என் கட்டுரையை மலருக்குத் தெரிந்தெடுத்தவரும் அவரே. செப்பமாக மறுபடி எழுதிக் கொடு என்றார்.

அவர் காட்டிய வண்ணம் கற்களை நீக்கிச் சாலையை இட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் சிரிப்பு இலக்கணப் பிழைக்கென்று யான் நம்பவில்லை. என் தகப்பனார் கல் சுமப்பவர் என்பது வெளிப்பட்டதற்கென்றே கொண்டேன். விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு தாசில்தாரின் மகன் படுத்திருந்தான். செப்பப் பிரதியில், என் தகப்பனார் ‘ரோட் கண்டிராக்டர்’ என்று எழுதினேன். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. அவ்வாறே அச்சாயிற்று.

கோடை விடுமுறையில் மலரை ஊருக்குக் கொண்டு சென்றேன். நைனா கைகால் கழுவிக்கொண்டு வந்து, அதனை வாங்கி, எழுத்தறியாதவராதலால் என் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரல் படாமல் சற்று விலக்கிச் சுட்டிப் பார்த்தார். பிறகு வாசித்துச் சொல்லச் சொன்னார். கோபுரம், மலை, கார்த்திகை தீபம், மயில் யாவற்றையும் தமிழிற் சொல்லி வந்தேன்.

“என்னைப் பத்தி ஏதாச்சும் எழுதினியா?”

மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டாம் பொய் சொல்ல என்னால் ஆகவில்லை. ரோடு கண்டிராக்டர் என்று போட்டிருப்பதாகச் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின், “அது யாரு?” என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையாகவே அறிய விரும்புவார்போலக் கேட்டார். தலைகுனிந்து, ஆங்கிலத்தில் கற்களைப் பாவுவதாக எழுதக்கூடாது, தரையை மூடுவதாகத்தான் எழுத வேண்டும் என்று ஏதோ உளறினேன். “மூடறதா?” என்று கேட்டார். “மூடறது வேற. கல்லைப் படுக்க வைக்கறோம்டா. சரியாப் படுக்கலேன்னா ஆடும்.” பிறகு மலரை என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதன்பின் அவர் அதனைப்பற்றி ஒருநாளும் பேசினாரல்லர்.

யான் ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலுக்கு வந்தபின் என் மாணவரும் அதே பிழையைச் செய்யக் கண்டேன். சிவப்புப் பேனாவை எடுத்த கை ஒவ்வொரு முறையும் சற்றுத் தயங்கும். இப்பிழை சோம்பலால் வருவதன்று, தமிழால் வருவது. ஒரு பரப்பின்மேல் ஒரு பொருளை இடும் வினைகளில் இரண்டு செயப்படுபொருள்கள் போட்டியிடுகின்றன: இடப்படுகின்ற பொருள் ஒன்று, அதனை ஏற்கும் பரப்பு மற்றொன்று. வினை எதனைத் தன் உடைமையாகக் கொள்ளும் என்பது மொழிக்கு மொழி, சொல்லுக்குச் சொல் வேறுபடும். ஆங்கிலத்தில் ‘பேவ்’ என்பதும் ‘கவர்’ என்பதும் பரப்பின் பக்கம் நிற்பன; முற்றத்தைக் கல்லால் ‘பேவ்’ செய்யலாமேயன்றி, கல்லை முற்றத்தில் ‘பேவ்’ செய்தல் ஆகாது. ‘ஸ்பிரெட்’ இருபுறமும் சாயும்; வெண்ணெயை ரொட்டியின்மேலும் பரப்பலாம், ரொட்டியை வெண்ணெயாலும் பரப்பலாம்; ஆங்கிலேயன் இரண்டையும் ஒப்புக்கொள்வான்.

தமிழிலும் இருவகையும் உண்டு. சாணத்தால் தரையை மெழுகுகிறோம். இங்கே வினை தரையைப் பற்றுகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறோம். இங்கே சுண்ணாம்பைப் பற்றுகிறது. வேய்தல் இருபுறமும் செல்லும். கூரை வேய்ந்தான் என்பதும் ஓலை வேய்ந்தான் என்பதும் வழக்கே. பாவுதலோ பெரும்பாலும் கையிலுள்ள பொருளையே பற்றுவது. கல் பாவுவர், நாற்றங்காலில் விதை பாவுவர். எங்கள் மாவட்டத்து ஆரணியிற் பட்டு நெய்வோர் தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளைப் பாவு என்பர். கால் நிலத்திற் படுதலும் பாவுதலே. மகிழ்ச்சி மிகுந்தவனைக் கால் தரையிற் பாவவில்லை என்கிறோம். கல் நிலத்தைத் தொடுவதற்கும் கால் நிலத்தைத் தொடுவதற்கும் ஒரே சொல் அமைந்தது எதனாலோ? கல்லை இறக்கியபின் அதன்மேல் ஏறி நின்ற என் தகப்பனாருக்கு இவ்வினா எழுந்திராது.

‘பேவ்’ என்பதன் இலத்தீன் மூலம் அடித்தல் என்று ஆசிரியர் சொன்னபோது, அடிப்பதற்கும் கல் பரப்புவதற்கும் என்ன தொடர்பு என்று மனத்துள் ஏளனம் செய்தேன். பாதிநாள் திமிசோசையைக் கேட்டு வளர்ந்தவன் அவ்வாறு எண்ணியது வியப்பே. மண்ணை அடித்து இறுக்குதலே அவ்வினையின் முதற்பொருள். மேலே பரப்பும் கல் பின்னர் வந்தது. நாளடைவில் அடி மறந்து பரப்பு மட்டும் எஞ்சியது. இன்று சிமிட்டியைக் கொட்டினாலும் ‘பேவ்’, தாரை ஊற்றினாலும் ‘பேவ்’. உவமையாகவும் அச்சொல் நெடுந்தூரம் சென்றுவிட்டது: இலண்டன் தெருக்கள் பொன்னாற் பாவப்பட்டவை என்பர், நரகத்துக்குப் போகும் வழி நல்லெண்ணங்களாற் பாவப்பட்டது என்பர். பிறர் வருகைக்கு ஆயத்தம் செய்வதையும் வழியைப் ‘பேவ்’ செய்தல் என்பர். நாம் வழிவகுத்தல் என்று சொல்லிவிடுகிறோம், கல்லும் இல்லை, திமிசும் இல்லை. ‘பேவ்மென்ட்’ என்பது இங்கிலாந்தில் நடைபாதை, அமெரிக்காவிற் சாலையின் மேற்பரப்பு. நம் ஊரிலோ அதற்குப் பிளாட்பாரம் என்று பெயர். ரமணாசிரமத்துக்கு வெளியே சாதுக்கள் துண்டை விரித்துப் படுத்திருக்கும் இடத்தைப் பிளாட்பாரம் என்று சொல்லக் கேட்கும் ஆங்கிலேயன், ரயில் எப்போது வரும் என்று கேட்கக்கூடும்.

நம் கல்லூரியில் வேதபாட வகுப்பில் இருந்தோர்க்கு வேறொரு ‘பேவ்மென்ட்’ நினைவுக்கு வரும். யோவான் சுவிசேஷத்தின் 19-ஆம் அதிகாரத்தில் பிலாத்து நியாயாசனத்தில் உட்கார்ந்த இடத்துக்கு ஆங்கில வேதம் அப்பெயரையே தருகிறது. தமிழ் வேதம் தளவரிசை என்னும் சொல்லைக் கொண்டது. மூலமாகிய கிரேக்கத்தில் ‘லித்தொஸ்த்ரோத்தொஸ்’; கல் விரித்தது என்பது பொருள். தளத்தில் வரிசையாகக் கிடக்கும் கல்லைத் தமிழ்ச்சொல் பார்க்கிறது; கிரேக்கச்சொல்லும் கல்லையே பார்க்கிறது. இலத்தீனின் வழிவந்த சொல் ஒன்றே அடிபட்ட மண்ணைப் பார்க்கிறது. இதனை முதலிற் கண்டபோது, தனியனாய் நின்று சிரிக்கப்பட்ட எனக்குக் கிரேக்கர் துணைவந்தது போன்றிருந்தது.

ஆயினும் உண்மையில் எனக்கு வேண்டியிருந்த சொல் அவ்விடத்தும் இல்லை. ‘லை’, ‘லே’ என்னும் இரண்டு வினைகளையும் மாணவர் குழப்பாமலிருக்க ஒருநாள் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். முன்னது படுத்தல், பின்னது அதன் பிறவினை, படுக்கவைத்தல். செங்கல்லையும் கருங்கல்லையும் கொண்டு வேலை செய்வோரை ஆங்கிலேயர் ‘லே’ செய்வோர் என்றே சொல்வர். சாக்கட்டி கையிலிருக்க, சற்றுநேரம் பேச்சற்று நின்றேன். கல்லைப் படுக்க வைக்கறோம் என்று கையொப்பமிடத் தெரியாத ஒருவர் கொட்டிலை நோக்கி நடந்துகொண்டே சொன்னது, அகராதியில் யான் தேடியிருக்க வேண்டிய சொல்லின் நேர்ப்பொருள். ‘மை ஃபாதர் லேஸ் ஸ்டோன்ஸ்.’ மூன்று சொற்களுக்கு மேல் ஒன்றே சொல். பிழையுமில்லை, பொய்யுமில்லை.

முதுமையில் அவர் திண்ணையில் உட்கார்ந்து கிரிவலப் பாதையில் நடக்கும் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சிமிட்டிக் கட்டிகளை ஆட்கள் வண்டியிலிருந்து இறக்கி வேகமாக அடுக்குவார்கள். ஓரிடத்தில் திமிசு போடாமல் மண்ணின்மேல் நேரே அடுக்கக் கண்டு, “மூடிட்டாங்க. பாவலே” என்றார். அடுத்த மழைக்கு அவ்விடம் தாழ்ந்து நீர் தேங்கிற்று. மண்ணுக்குள் நீர் இறங்க இடுக்கு வேண்டும், மேலே ஓட வாட்டம் வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். நீரே சாலையின் பகைவன் என்றும், அடிமண் உலர்ந்திருந்தாற் சாலை நிற்கும் என்றும் ஸ்காத்லாந்து நாட்டு மக்காதம் கற்பித்து இரு நூற்றாண்டாகிறது. நாம் கப்பி ரோடு என்று சொல்வது அவர் வழிவந்ததே. 2015-ஆம் ஆண்டில் கிரிவலச் சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது ஊரார் முறையிட, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதில் தலையிட்டது. நைனா தீர்ப்பாயம் என்பதை அறியார். வெயிலில் வெந்த தாரின்மேல் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஓடுவோரைப் பார்த்து, நிழலையும் சேர்த்துத்தானே பாதை என்று மட்டும் சொன்னார். இக்காலத்துக் கோயிற் பிராகாரங்களிற் சூடு தாங்கும் வெள்ளைப் பூச்சு பூசுகிறார்கள். பூசுவது பூசுவதே.

மார்கழியில் அவரை அடக்கம் செய்த மறுவாரம், விடியற்காலத்தில் ஆசிரமத்தின் பின்வழியாகக் கந்தாசிரமப் பாதையில் ஏறினேன். அவர் பதித்த கற்கள் எவையென்று எனக்குத் தெரியாது. அவர் காட்டியதுமில்லை, யான் கேட்டதுமில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக நின்று, பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்த வெளிநாட்டு மாது ஒருவர், அஃது ஏதோ ஒரு வழிபாட்டு முறை என்றெண்ணியோ, தாமும் அவ்வாறே செய்துகொண்டு வந்தார். சில கற்கள் ஆடின. பல ஆடவில்லை.

இம்மலரின் ஆசிரியர் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். என் பழைய கட்டுரை வெளிவந்த மலர் நம் நூல்நிலையத்தில் கட்டடம் செய்து வைக்கப்பட்டிருக்கும். அதில் ‘எங்கள் ஊர்’ என்னும் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் ‘ரோட் கண்டிராக்டர்’ என்று வரும் வாக்கியத்தை அடித்து, மேலே யான் கூறிய நான்கு சொற்களை எழுதிவைக்க நூல்நிலையத்தார் அனுமதி தரவேண்டும். பென்சிலால் எழுதினும் போதும்.